குடை முதலாளி தேடிய வாட்டர் பார்க்

மழையைத் தன் குடும்பச் சொத்து என்று நினைத்து வாழ்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மஸ்கெலியா பஜாரில், நான் வாடகைக்கு இருந்த அறைக்கு நேர் கீழே, குடைக்கடை வைத்திருக்கிறார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் கடைப் பலகையில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். ஊர் வாயில் அவர் குடை முதலாளி. தபால்காரர்கூட வாசலில் நின்று "கொட மொதலாளீ, பதிவுத் தபாலு!" என்றுதான் கத்துவார்.

மழை வந்தால் மற்றக் கடைக்காரர்கள் சலித்துக்கொண்டு சாமான்களை உள்ளே இழுப்பார்கள். இவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற தோரணை இருக்கும்.

"பாத்தீங்களா டீச்சர், எறக்கத்த? நூல் புடிச்ச மாதிரி எறங்குது. இத வேற எங்க பாப்பீங்க?"

வருடத்தில் பாதி நாள் இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. "வேற எங்கயும் இல்ல மொதலாளி" என்பேன்.

மலைநாட்டு மழைகளுக்கெல்லாம் அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். நுவரெலியாவில் பெய்வது மழையே இல்லை, அது பனிக்கு அண்ணன். ஹட்டன் மழை பரவாயில்லை, ஆனால் அதற்குப் பொறுமை போதாது, நின்று பெய்யாது. ராகலையில் பெய்வதற்குப் பெயர் தூறல். மழை என்று வாய் திறந்து சொல்வதானால் அது மஸ்கெலியா மழை ஒன்றுதான். வானொலியில் "மத்திய மலைநாட்டில் இடைக்கிடையே மழை பெய்யும்" என்று வாசித்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இடைக்கிடையேயா? யாருகிட்ட கேட்டுட்டு சொல்றான் இவன்?" என்று பெட்டியை மூடிவிடுவார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து அறை கேட்டபோது, என்ன சாதி, என்ன சமயம், எவ்வளவு சம்பளம் என்று ஊரில் எல்லோரும் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. "டீச்சருக்கு சொந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல, மழ பாத்த ஆளுதான்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஒருநாள் தோட்டத்து ஆள் ஒருவர், காற்றில் மேல்பக்கம் மடங்கிப்போன குடையைக் கொண்டுவந்து கடை மேசையில் போட்டார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று சத்தம் போட்டார். முதலாளி குடையைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதரின் கையைப் பார்த்தார்.

"குடைய எப்புடிப் புடிச்சீங்க? காட்டுங்க."

அவர் பிடித்துக் காட்டினார்.

"குடைய குடை மாதிரி புடிக்கணும். நீங்க பன்னி வேட்டைக்குப் போற மாதிரி புடிச்சிருக்கீங்க. காத்து பயந்துருச்சு."

அதோடு விட்டாரா? புதுக் குடை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, கொட்டுகிற மழையில் பஸ் நிறுத்தம் வரை நடக்கவிட்டு, பக்கத்தில் தானும் ஒரு குடையோடு நடந்து, "சாய்ங்க! இப்ப நிமிருங்க! காத்து வருது, குனிங்க!" என்று பாடம் நடத்தினார். பஜார் முழுவதும் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தது. திரும்பி வந்தபோது அந்த மனிதர் மேல் ஒரு துளி இல்லை. புதுக் குடையை அவருக்கே கொடுத்து அனுப்பினார்.

இதில் உச்சம், அவர் வீட்டுச் சட்டம். குடைக்கடை வீட்டு ஆள் ஒருவரும் எந்தக் காலத்திலும் நனையக் கூடாது. "நாமளே நனைஞ்சா கடைக்கு என்ன மரியாத?" என்பது அவர் நியாயம். கடைக்கும் பின்பக்கச் சமையலறைக்கும் நடுவில் கூரை இல்லாத சின்னத் துண்டு வாசல் ஒன்று உண்டு. ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். அதைக் கடக்கவும் குடை விரிப்பார். ஒரு கையில் குடை, மறு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மகள் ரேணுகா பள்ளிக்கூடம் போன காலத்தில் மழைக்கோட்டு, அதற்கு மேலே குடை, புத்தகப் பைக்குத் தனியாகப் பொலித்தீன் உறை. "ஸ்கூல்ல எனக்குப் பேரே கூடாரம்தான் டீச்சர்" என்று அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவள் கல்யாணம் முடித்துக் கொழும்பில் போய் இருந்ததற்குக் காரணம் மாப்பிள்ளையின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை.

இந்தச் சட்டத்தில் முழுதாக அகப்பட்டுக்கொண்டவர் முதலாளியின் மனைவி பாக்கியம் அக்கா. அக்கா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பு தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பஜார் கடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தோட்டமே "குடுத்து வச்சவ, இனி மழ வெயில் இல்ல" என்று வாழ்த்தியதாம். வாழ்த்து அப்படியே பலித்துவிட்டது. அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அக்காவும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. கல்யாணம் கட்டி வந்த நாள்லருந்து என் தலைல ஒரு துளி மழ விழல."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"மழைல நனைஞ்சு கொழுந்து எடுத்ததெல்லாம் போதுமேக்கா. எங்கம்மாவ கேட்டா ஒதைப்பாங்க" என்றேன்.

"அது இல்ல டீச்சர். வேல செய்யிறப்ப நனையிறது தலைவிதி. கொழுந்த எட நிறுத்துட்டு, கூடைய எறக்கிட்டு, நாங்க நாலஞ்சு பேரு கத்திக்கிட்டு லயத்து வீட்டுக்கு ஓடி வருவோம் பாருங்க. ஒழுங்கா நடந்து வந்தாலும் நனையத்தான் போறோம், அப்பறம் என்னாத்துக்கு ஓடுறதுன்னு தெரியாது. ஆனா ஓடுவோம். அந்த நனைச்சல். அது ஒருக்கா வேணும்."

"மொதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'கடைய மூடிட்டு சொல்லு, நனைஞ்சிக்கலாம்'ங்கிறாரு."

அதே வாரம் ரேணுகா போன் பண்ணினாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, மேற்குக் கரைப் பக்கம் கடலோரம் ஒரு வீடு எடுத்திருக்கிறோம், அப்பாவும் அம்மாவும் வரவேண்டும், ஒருநாள் கடல், ஒருநாள் வாட்டர் பார்க் என்றாள். வாட்டர் பார்க் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். மேலேயிருந்து தண்ணீர் கொட்டும், சறுக்கிக்கொண்டு வந்து விழலாம், எல்லோரும் கத்துவார்கள் என்றாள் ரேணுகா. அக்கா போனை இறக்கி வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

"வெளியூருதானங்க. அங்க யாரு பாக்கப் போறா? இந்தத் தடவ நானும் எறங்குவேன். ஒவ்வொரு ட்ரிப்புலயும் செருப்புக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும் காவல் இருந்தது போதும்."

முதலாளி வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "சரி. ஆனா எந்த வாட்டர் பார்க்குன்னு நான்தான் பாத்து எடுப்பேன். கண்ட தண்ணியில என் வீட்டு ஆள நனைய விட மாட்டேன்."

ரேணுகா மூன்று இடங்களின் படங்களை அனுப்பினாள். மூன்றுக்கும் நீளமான இங்கிலீஷ் பெயர்கள். எங்கள் பக்கத்தில் தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு வெள்ளைக்காரப் பெயரும் சனங்களின் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கும்; பலகைப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. முதலாளியும் அந்த வழக்கப்படி மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். முதலாவது நீலத்தொட்டி. இரண்டாவதன் சறுக்கு வளைந்து வளைந்து இறங்கியதால் கொண்டைஊசி. மூன்றாவதன் நடுவில், உயரத்தில், ஒரு பென்னம்பெரிய வாளி நின்றது. நிரம்பியதும் மணி அடிக்குமாம், அப்படியே கீழே நிற்பவர்கள் தலையில் கவிழுமாம். அது பெரியவாளி.

விசாரணை கடை மேசையில் வைத்து, போனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, என்னைச் சாட்சியாக நிறுத்தி நடந்தது. முதலில் நீலத்தொட்டி. முதலாளி எடுத்த எடுப்பில் சிங்களத்தில், "மாத்தயா, வத்துர என்னே கொஹென்த?" என்று கேட்டார். தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு வாட்டர் பார்க்கிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

"குடைக்கடை மொதலாளிங்களா? குரல்லயே தெரியிதுங்க! நம்ம தோட்டத்துக் கீழ்ப்பிரிவு பழனி மருமகன்ங்க நான். என் கல்யாணத்துக்கு ஒங்க கடைலதானுங்க..."

முதலாளி போனை வெட்டினார். "நம்ம ஆளு இருக்கான். அவ நனையிறத பாத்தா நாளைக்கே இங்க சொல்லிருவான். வேணாம்."

கொண்டைஊசிக்கு அடித்தோம். எடுத்தது ஒரு பெண் பிள்ளை. "வத்துர..." என்று இவர் தொடங்கியதும், "ஐயோ, மொதலாளி! நல்லா இருக்கீங்களா? அக்கா நல்லா இருக்காங்களா? அங்க மழையா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். மஸ்கெலியாப் பிள்ளைகள் வேலை செய்யாத ஓர் இடம் மேற்குக் கரையில் இருக்கும் என்று நம்பியது முதலாளியின் தப்பு. அப்படி ஓர் இடம் இல்லை. அந்தக் கரை ஓடுவதே எங்கள் பிள்ளைகளால்தான். இருந்தும் அவர் முகம் தொங்கிப்போனது. அக்கா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவாளியில் எடுத்தவர் பொறுமையான சிங்களப் பெரியவர். தமிழ் துளியும் தெரியாது. முதலாளிக்குப் பாதி உயிர் வந்தது. தண்ணீர் எங்கேயிருந்து என்ற கேள்விக்கு, குழாய்த் தண்ணீர்தான், களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்தம் பண்ணி அனுப்புகிறார்கள் என்றார்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "களனி கங்கே?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு போனை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

"டீச்சர், நம்ம ஆறு, மஸ்கெலியா ஓயா, எங்க போய் விழுது?"

"களனி கங்கைலதான்."

"நம்ம ஓயாவுக்கு தண்ணி எங்கருந்து வருது?"

"மழைலருந்து."

"யாரு மழைலருந்து?"

"ஒங்க மழைலருந்து மொதலாளி."

"அவ்வளவுதான்! கொழாயில வர்றது நாம அனுப்புன தண்ணி. இந்தா பாக்கியம், ஒனக்கு மஸ்கெலியா மழையில நனையணும். ஆனா மஸ்கெலியாவுல நனையக் கூடாது. அதுக்கு இந்த நாட்டுல ஒரே எடம் பெரியவாளிதான்."

நான் படிப்பிக்கிற பாடமே புவியியல். அதன்படி பார்த்தாலும் அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஆனால் அடுத்த போனிலேயே குண்டு விழுந்தது. உள்ளே இறங்க நைலோன் உடுப்பு மட்டும்தான் அனுமதி, பருத்தி கூடாது, அங்கேயே வாடகைக்குக் கொடுப்பார்கள் என்று ரேணுகா சொன்னாள். உடுப்பின் படத்தையும் அனுப்பினாள். அக்கா அதை ஒரே ஒருமுறை பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இத போட்டுக்கிட்டு நான் வெளிய வரமாட்டேன். நீங்கள்லாம் எறங்குங்க. நான் எப்பவும் போல செருப்ப பாத்துக்கிறேன்."

இதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால் முதலாளி தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அக்கா வெங்காயம் உரிக்கப் போனார். முதலாளி கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தொங்குகிற குடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தவர், ஓரிடத்தில் நின்றார். "நைலோன்" என்றார். பிறகு சத்தமாக, "அட, நைலோன்!" என்றார்.

குடைத்துணி நைலோன்தானே. பழுது பார்ப்பதற்கென்று கடையில் கறுப்புத் துணி சுருள் சுருளாக இருந்தது. அன்றே தையல் மெசினின் மூடியைக் கழற்றிவிட்டார். ஒரேயொரு சிக்கல். அவருக்குத் தைக்கத் தெரிந்தது குடை ஒன்றுதான். ஆகவே அக்காவின் கழுத்து முதல் கணுக்கால் வரையிலான அந்த உடுப்பும், இடுப்புக்குக் கீழே, எட்டுத் துண்டு வைத்துச் சரியான குடையாக இறங்கியது. உள்ளுக்கு நீளமான காற்சட்டையும் உண்டு. தைத்து முடித்து அதன் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் உருண்டு உருண்டு ஓடிப்போனது. "பாத்தீங்களா, ஒரு சொட்டு உள்ள போகல!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நனைவதற்கென்று தைத்த உடுப்பைப் பற்றித்தான் இந்தப் பெருமை.

இங்கிலீஷ் பலகைகளை வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றினார்கள். எனக்கும் ஒரு குடையுடுப்பு தயாராக இருந்தது. மறுக்கப் பார்த்தேன். "டீச்சர் போட்டா நானும் கூச்சமில்லாம போடுவேன்" என்று அக்கா சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் கடல். முதலாளி கரையில் குடை விரித்து நின்று அதை நன்றாகப் பார்த்தார். "இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு ஒரு வாய் குடிக்க முடியாது" என்று கடலைத் தள்ளிவிட்டார். அக்கா அலையில் கால் நனைத்தார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா கால்ல படுறது நனைச்சல் இல்ல. தலைல விழணும்" என்றார்.

மறுநாள் பெரியவாளி. வாசலில் உடுப்புப் பார்க்கவென்று கதிரை போட்டு ஒரு நடுத்தர வயது அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய மனேஜர். அக்காவும் நானும் கறுப்பாகக் கணுக்கால் வரை மூடிக்கொண்டு வந்து நின்றதும், வரிசையில் இருந்த சனம் கொஞ்சம் விலகியது. மனேஜர் தலையை ஆட்டினார். இது என்ன உடுப்பு, இதோடு விட முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். முதலாளி துணியைப் பிடித்துக் காட்டி, "நைலோன் மாத்தயா, ஹொந்தம நைலோன்", முதல்தர நைலோன் என்று விளக்கினார். மனேஜர் கேட்கவில்லை. அக்கா ஏற்கனவே திரும்பிவிட்டார். "விடுங்க, சாமான் பாக்க ஒரு ஆள் வேணும்தான" என்றார்.

அப்போது கதிரையில் இருந்த அம்மா எழுந்து வந்து, அக்காவின் பாவாடைத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தத் தையலைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"இது நம்ம மஸ்கெலியா கடைத் துணிங்க! மொதலாளி, என்னா இந்தப் பக்கம்?"

ஒளிந்துகொள்ள வந்த இடத்திலும் ஊர் வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவோ கதிரைக்குக் கீழே குனிந்து தன் குடையை எடுத்து விரித்தார். எங்கள் கடைக் குடை. உள்ளே கம்பியோரம் தைத்திருந்த சின்னச் சீட்டை மனேஜரின் மூக்குக்கு நேரே பிடித்து, "நைலோன்! மேக்க பலன்ன, சேர்!" என்றார். இதைப் பாருங்கள் என்று அர்த்தம். மனேஜர் சீட்டை வாசித்தார், பாவாடையைத் தொட்டுப் பார்த்தார், இரண்டும் ஒரே துணி. சட்டத்தில் குடைத்துணி கூடாது என்று எங்கும் இல்லை. வழியை விட்டார்.

அக்கா படியேறினார். சறுக்கின் உச்சியில் உட்கார்ந்ததும் கீழே பார்த்தார். முதலாளி தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, குடைக்கு அடியில், வேட்டி சட்டையோடு, துளிபடாமல் நின்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விட்டார் பாருங்கள் ஒரு விடுதல். குடைத்துணிக்கு வழுக்கல் அதிகம். முன்னால் போன ரேணுகாவின் மாப்பிள்ளையைப் பாதி வழியில் பிடித்துவிட்டார். இருவருமாகத் தொட்டியில் வந்து விழுந்தார்கள். மாப்பிள்ளை முழுகினார். அக்கா முழுகவில்லை. விழுந்த வேகத்தில் எட்டுத் துண்டும் "பட்" என்று விரிந்து, உள்ளே காற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டன. அப்படியே மெதுவாகச் சுற்றிக்கொண்டு மிதந்தார். பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், துணிய!" என்று முதலாளி கரையில் குதித்தார். "ஒரு சொட்டு உள்ள போகல!"

அக்கா கரையேறினார். தலையைத் தொட்டுப் பார்த்தார். முடி காய்ந்தபடியே இருந்தது. வகிட்டில் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

"நனையவே இல்லீங்க" என்றார்.

இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பேர் முன்னால் குடையாக மிதந்து, ஒன்றும் நடக்கவில்லை. முதலாளியின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன். தன் கடைத் துணி தன் மனைவியைத் தோற்கடித்துவிட்டது என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. உயரத்தில் வாளி நிரம்பி ஆடத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு அதற்குக் கீழே ஓடினார்கள்.

முதலாளி அக்காவின் கையைப் பிடித்தார். பஜாரில் ஒருநாளும் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடித்துக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்க, செருப்பு ஒன்று கழன்றுபோக, மற்றக் கையில் குடை விரிந்தபடியே ஆட, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றார்கள். அக்கா மேலே பார்த்தார். மேலே குடைதான் தெரிந்தது. முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி குடையை மடக்கினார்.

வாளி கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. கூடையை இறக்கிவிட்டு லயத்துக்கு ஓடி வரும்போது எப்படிக் கத்தியிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. தண்ணீர் வடிந்தபோது குங்குமம் மூக்கு வரை ஒழுகி, கூந்தல் அவிழ்ந்து, அக்கா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளி, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பவில்லை, ருசி பார்த்தார்.

"நம்ம தண்ணிதான்!" என்று கத்தினார். பிறகு தொட்டிக்கும் சறுக்குக்கும் மனேஜருக்கும் சேர்த்து, அக்காவைக் காட்டி, "மே மகே நோனா! இவ என் பொஞ்சாதி!" என்று இரண்டு பாஷையிலும் அறிவித்தார்.

வாசல் அம்மா அதையெல்லாம் போனில் படம் பிடித்துவிட்டார். எங்கள் வேன் மலையேறி ஊருக்கு வரும் முன்பே படம் வந்து சேர்ந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் இருந்து கோயில் வரைக்கும் அதே பேச்சு. கடை திறந்ததும் எதிர்க் கடைக்காரர் வந்து, "என்னா மொதலாளி, நனைஞ்சிட்டீங்களாமே?" என்று பல்லைக் காட்டினார்.

"ஆமா, நனைஞ்சேன். என் பொஞ்சாதியும் நனைஞ்சா. ஒங்க பொஞ்சாதி என்னாத்த ஆசப்பட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

எதிர்க் கடைக்காரர் தன் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். குடை வியாபாரம் குறையவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ராகலைக்கு மாற்றல் வந்தது. முதலாளி துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். "மழையில்லாத ஊருக்குப் போறீங்களே டீச்சர்" என்றார். என் குடையுடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அதை எங்கே உடுப்பது என்று தெரியாது, எறியவும் மனம் வராது.

இப்போதும் அங்கே நல்ல மழை என்றால் எனக்குப் போன் வரும். போன வாரமும் வந்தது.

"டீச்சர், கேக்குதா? இந்தா, போன வெளிய நீட்டுறேன், கேளுங்க."

கேட்டேன். மழைக்கு நடுவில் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"பாக்கியம் அக்கா எங்க மொதலாளி?"

"எங்க இருப்பா? பின்வாசல்ல நிக்கிறா, குடை இல்லாம. சளி புடிக்கும், உள்ள வாடின்னா கேக்க மாட்டேங்கிறா. எப்பிடி நனையிறா தெரியுமா? அவள மாதிரி நனைய இந்த பஜார்ல ஒருத்திக்குத் தெரியாது." குறை சொல்கிறவரின் குரலா அது? "சரி, அங்க ராகலைல எப்புடி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். காலையிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர் வீடு தெரியவில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவர் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது.

"சும்மா தூறல்தான் மொதலாளி!" என்று கத்தினேன்.